வீட்டுக்குள் வந்தும் மிரளும் பூனையைப் பழக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெளியில் பிறந்து, மனிதக் கை படாமலேயே வளர்ந்து, இப்போது ஏதோ ஒரு காரணத்தால் உங்கள் வீட்டுக்குள் வாழும் பூனைக்கான பக்கம் இது. அடிபட்டு வந்திருக்கலாம், குட்டிகளோடு வந்திருக்கலாம், அது இருந்த இடத்தை இடித்திருக்கலாம். வைத்த சாப்பாடு காலியாகிறது, லிட்டர் பாக்ஸில் (பூனை கழிவு போகும் மணல் பெட்டியில்) தடம் தெரிகிறது, ஆனால் பூனையைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வம். இந்த நிலையில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பூனை மடியில் வந்து படுக்க வேண்டும் என்று இலக்கு வைக்காதீர்கள். வீட்டுக்குள் அது பயமில்லாமல் நடமாடினால் போதும். மற்றதெல்லாம் அதன் விருப்பம்.

இது உண்மையிலேயே மனிதரிடம் பழகாத பூனையா, இல்லை பயந்துபோன வளர்ப்புப் பூனையா? எப்படித் தெரிந்துகொள்வது?

முதல் இரண்டு மூன்று நாளில் யாராலும் சொல்ல முடியாது. வழிதவறிய வளர்ப்புப் பூனையும் புது இடத்தில் ஒளியும், சீறும், கை நீட்டினால் அறையும். பொறுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். முன்பு மனிதரோடு இருந்த பூனை கொஞ்ச நாளில் உங்கள் முகத்தைப் பார்க்கும், மியாவ் என்று கூப்பிடும், வாலைத் தூக்கிக்கொண்டு வரும். பழகாத பூனை பெரும்பாலும் சத்தமே போடாது. வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் மியாவ் சொல்லிக்கொள்வது மிகவும் குறைவு. குட்டி தாயிடமும், வளர்ப்புப் பூனை மனிதரிடமும் பேசுகிற முறை அது. பழகாத பூனை சுவரோரமாகப் பதுங்கி நடக்கும், வீடு தூங்கிய பிறகுதான் சாப்பிடும், நீங்கள் அறையில் இருந்தால் அசையாமல் உறைந்து கிடக்கும்.

ஒரு காதின் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால், யாரோ அதைப் பிடித்துக் கருத்தடை செய்து திரும்ப விட்டிருக்கிறார்கள் என்று பொருள். அதன் குணத்தைப் பற்றி அந்த அடையாளம் ஒன்றும் சொல்லாது.

எந்த வயது வரை பழக்க முடியும்?

வயதுக்கு வரம்பு கிடையாது. வயதைப் பொறுத்து எதிர்பார்ப்பைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரு குட்டி மனிதரைத் தன் உலகத்தில் சேர்த்துக்கொள்ள ஏற்ற காலம் அதன் 2 முதல் 7 வாரம் வரை. 1980களில் ஐலீன் கார்ஷ் என்ற ஆய்வாளர், வெவ்வேறு வயதில் குட்டிகளைக் கையாண்டு பார்த்து இதைக் காட்டினார். அந்த வாரங்களில் தினமும் மனிதக் கை பட்ட குட்டி, பிறகு புதியவரிடமும் சுலபமாகப் போகும். அதைத் தாண்டினால் முடியாது என்றில்லை, நாள் அதிகம் பிடிக்கும். 8 வாரக் குட்டி பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும். 4 மாதக் குட்டிக்கு வாரக்கணக்கில் ஆகும், சில சமயம் மாதக்கணக்கில். வளர்ந்த பூனைக்குச் சில மாதங்கள் முதல் சில வருடங்கள் வரை ஆகலாம். சில பூனைகள் கடைசி வரை தொட விடாமலே வாழ்ந்துவிடும்.

பிறவிக் குணமும் இதில் உண்டு. தந்தைப் பூனை நட்பானதாக இருந்தால், குட்டிகள் அதைப் பார்க்காமலே வளர்ந்தாலும் துணிச்சலாக இருக்கின்றன என்று சாண்ட்ரா மெக்கூன் 1995-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு வெவ்வேறு தந்தை இருப்பதும் உண்டு. அதனால் ஒரு குட்டி உங்கள் தோளில் ஏறும்போது அதன் உடன்பிறப்பு அலமாரிக்குப் பின்னால் கிடந்தால், உங்கள் வளர்ப்பில் குறை தேட வேண்டாம்.

பாவம், அடைத்து வைக்க மனமில்லை. முழு வீட்டையும் திறந்து விடலாமா?

வேண்டாம். நல்லெண்ணத்தில் செய்கிற இந்த ஒரு காரியத்தால்தான் பலருக்கு மாதங்கள் வீணாகின்றன. முழு வீடும் கிடைத்தவுடன் பூனை கட்டிலுக்கு அடியிலோ, அடுப்புக்குப் பின்னாலோ, சோபாவின் துணியைக் கிழித்து அதற்குள்ளேயோ போய்விடும். பகல் முழுக்க அங்கே இருந்துவிட்டு, எல்லோரும் தூங்கிய பிறகு வெளியே வந்து சாப்பிட்டுப் போகும். அதாவது, உங்கள் வீட்டிலேயே மனிதர் இல்லாத ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொள்ளும். அப்புறம் உங்களைப் பற்றிக் கற்றுக்கொள்ள அதற்கு வாய்ப்பு எங்கே?

ஒரு சிறிய அறை போதும். கதவு மூட வேண்டும், ஜன்னலுக்கு உறுதியான வலை வேண்டும், அறைக்குள் உங்களுக்கு உட்கார இடம் வேண்டும். கட்டிலின் அடிப்பகுதியையும் அலமாரியின் பின்பக்கத்தையும் பூனை வருவதற்கு முன்பே அடைத்துவிடுங்கள். ஆனால் ஒளிய இடமே இல்லாமல் செய்துவிடக்கூடாது. இது முக்கியம். நெதர்லாந்தின் யூட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-ல் வெளியிட்ட ஆய்வில், காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளில் ஒளிந்துகொள்ளப் பெட்டி கிடைத்தவை மற்றவற்றைவிட வேகமாக அமைதியடைந்தன. எனவே ஒளிவிடம் கட்டாயம் வேண்டும், ஆனால் அதைத் தேர்ந்தெடுப்பது நீங்களாக இருக்க வேண்டும். இரண்டு பக்கமும் வாசல் வெட்டிய அட்டைப்பெட்டி, துணி போர்த்திய கேரியர் (பூனையைத் தூக்கிச் செல்லும் கூடை), உயரத்தில் ஒரு அகலமான பலகை, இப்படி. உள்ளே பூனை எப்படி இருக்கிறது என்று நீங்கள் எட்டிப் பார்க்க முடிய வேண்டும்.

ஏற்கனவே வீடு முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறதா? துரத்திப் பிடித்து அறைக்குள் போடாதீர்கள். சாப்பாட்டுத் தட்டை நாளுக்குக் கொஞ்சம் நகர்த்தி அறைக்குள் கொண்டுபோங்கள். உள்ளே நிம்மதியாகச் சாப்பிடப் பழகிய பிறகு ஒருநாள் கதவை மூடுங்கள்.

பழக்குவதா, கருத்தடை செய்வதா, எது முதலில்?

மருத்துவர்தான் முதலில். கூண்டு வைத்துப் பிடித்தபோதே, வீட்டுக்குள் விடுவதற்கு முன் கொண்டுபோவது எல்லோருக்கும் சுலபம். கருத்தடை, ரேபிஸ் உள்ளிட்ட தடுப்பூசிகள், தெள்ளுப்பூச்சிக்கும் குடற்புழுவுக்கும் மருந்து, பூனைகளுக்கு வரும் எஃப்ஐவி (நோயெதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வைரஸ்) மற்றும் லுகீமியா வைரஸ் பரிசோதனை எல்லாவற்றையும் ஒரே மயக்கத்தில் முடித்துவிடலாம். கருத்தடை செய்யாத கடுவன் அறையெங்கும் சிறுநீர் பீய்ச்சும். பெட்டைப் பூனை 4 மாதத்திலேயே பருவத்துக்கு வரக்கூடும். அந்த உந்துதல் இருக்கும்வரை அதன் கவனமெல்லாம் வாசலில்தான் இருக்கும்.

வீட்டில் வேறு பூனை இருந்தால், பார்க்க நோயில்லாமல் தெரிந்தாலும் இரண்டு வாரம் தனியாக வையுங்கள்.

வந்ததிலிருந்து சாப்பிடவே இல்லை.

முதல் நாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரவில் மணம் தூக்கலான ஈர உணவை ஒளிவிடத்தின் வாசலிலேயே வைத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். முழுதாக இரண்டு நாள் ஒன்றுமே சாப்பிடவில்லை என்றால் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பட்டினி கிடக்கும் பூனையின் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகலாம், பருமனான பூனைக்கு இன்னும் வேகமாக. குட்டி என்றால் ஒரு நாள்கூடப் பொறுக்கக்கூடாது.

லிட்டர் பாக்ஸை அதற்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது?

பெரும்பாலும் கற்றுக்கொடுக்கவே தேவையில்லை. தோண்டி மூடுவது அதன் இயல்பு. வெளியில் மண்ணில் போய்ப் பழகிய பூனை என்பதால், முதலில் லிட்டர் மணலோடு சாதாரண மண்ணைக் கலந்து வைத்துப் படிப்படியாகக் குறையுங்கள். வாசனை சேர்த்த மணல் வேண்டாம். மிகச் சிறிய குட்டிகளுக்கு, நனைந்தால் கட்டியாகும் வகையும் வேண்டாம், அவை வாயில் போட்டுக்கொள்ளும். பெட்டி, சாப்பாட்டுக்கு எட்டத்தில் இருக்கட்டும்.

கடுவன் திரும்பத் திரும்பப் பெட்டிக்குப் போய் முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் அது அவசரநிலை. சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அன்றே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவரிடம் போக வேண்டும்.

சரி, அறைக்குள் போய் நான் என்னதான் செய்ய வேண்டும்?

முதலில், ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். பலருக்கும் கஷ்டமாக இருப்பது இதுதான்.

தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் போங்கள். உள்ளே நுழையும் முன் கதவை மெல்லத் தட்டி, எப்போதும் சொல்லும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். நீங்கள் வருவது அதற்கு முன்கூட்டியே தெரிந்துவிடும், திடுக்கிடாது. தரையில் உட்காருங்கள். நிற்கும் மனிதர் பூனைக்கு மிகப் பெரிய உருவம். அதற்கு நேராக உட்காராமல் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, புத்தகத்தைச் சத்தமாகப் படியுங்கள், போனில் தாழ்ந்த குரலில் பேசுங்கள், துணி மடியுங்கள். நீங்கள் அங்கே இருந்தும் தனக்கு ஒன்றும் நேரவில்லை என்பதை அது நாளுக்கு நாள் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும்.

முறைத்துப் பார்க்காதீர்கள். பூனைகளுக்கு நிலைகுத்திய பார்வை சண்டைக்கு அழைப்பு. கண்கள் சந்தித்தால் இமைகளை மெதுவாக மூடித் திறந்து, பார்வையை விலக்குங்கள். இது வெறும் நம்பிக்கை என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தின் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வில், இப்படி மெதுவாகக் கண் சிமிட்டிய அறிமுகமில்லாத மனிதர் கை நீட்டியபோதும் பூனைகள் நெருங்கி வருவது அதிகமாக இருந்தது. பதிலுக்கு அதுவும் கண்ணைச் சுருக்கினால், அது உங்களுக்குக் கிடைத்த முதல் பதில்.

நீங்கள் போட்டுக் கழற்றிய சட்டையை அதன் படுக்கையருகே விடுங்கள். உங்கள் வாசனையோடு தூங்கிப் பழகட்டும்.

எந்நேரமும் சாப்பாடு தட்டில் இருக்கலாமா?

குட்டிகளுக்கும் நோயாளிக்கும் இருக்கலாம். நன்றாக இருக்கும் பெரிய பூனைக்கு, உணவை வேளை பிரித்து, நீங்களே கொண்டுவந்து வைத்து, அறையிலேயே இருங்கள். தட்டு முதலில் அதன் பக்கத்தில், நீங்கள் எதிர் மூலையில். அது நீங்கள் இருக்கும்போதே சாப்பிடத் தொடங்கிய பிறகு, சில நாளுக்கு ஒருமுறை தட்டை உங்கள் பக்கம் ஒரு சாண் நகர்த்துங்கள். தயங்கினால் பழைய இடத்துக்கே கொண்டுபோங்கள். அதற்கு மிகவும் பிடித்த தீனி எது என்று கண்டுபிடித்து, அதை நீங்கள் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். ஆனால் பசியில் வைத்து வழிக்குக் கொண்டுவருவது கூடவே கூடாது. நீங்கள் கிளம்பும்போது அது சாப்பிடாவிட்டால் வழக்கமான உணவை விட்டுவிட்டு வாருங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த எதுவும் பூனைக்கு நஞ்சு, மனிதர் சாப்பாட்டில் மிச்சம் வைப்பவர்கள் கவனிக்கவும்.

பார்த்தாலே சீறுகிறது. என்னை வெறுக்கிறதா?

இல்லை, பயப்படுகிறது. 'அதற்கு மேல் வராதே' என்று சீறிச் சொல்கிறது. சொல்லிவிட்டுத் தாக்காமல் இருக்கிறது பாருங்கள், அதுவே மரியாதைதான். அந்த இடத்திலேயே நின்று, முகத்தைத் திருப்பி, மூச்சு விட்டு, பிறகு நிதானமாக ஒரு அடி பின்னால் வாருங்கள். அதட்டினாலோ தண்ணீர் தெளித்தாலோ, அடுத்த முறை எச்சரிக்காமல் நேராகக் கையைப் பிடுங்கும்.

சீறலைவிட நான் அதிகம் கவலைப்படுவது, உறைந்து கிடக்கும் பூனையைப் பற்றித்தான். காது தட்டையாக ஒட்டி, கண்மணி பெரிதாக விரிந்து, உடம்பைச் சுருட்டிக்கொண்டு அசையாமல் இருப்பதைப் பார்த்து 'சாதுவாகிவிட்டது' என்று நினைத்துத் தூக்கிவிடுகிறார்கள். அது சாதுவாகவில்லை. தப்பிக்க வழியில்லை என்று விட்டுவிட்டது.

எப்போது தொடலாம்?

அது உங்களைத் தொட்ட பிறகு. அருகில் வந்து முகரும், முழங்காலில் உரசிவிட்டுப் போகும், நீங்கள் நீட்டிய விரலில் கன்னத்தைத் தேய்க்கும். இவற்றில் ஒன்று நடக்கும்வரை கையை வைத்துக்கொண்டு சும்மா இருங்கள். நடுவில் ஒரு படி வேண்டுமென்றால், நீளமான குச்சியின் முனையில் மென்மையான துணியோ இறகோ கட்டி, அது சாப்பிடும்போது கன்னத்தில் லேசாகத் தடவிப் பாருங்கள். தொடுதல் என்ன என்று தெரியும், உங்கள் கை தூரத்திலேயே இருக்கும். நாளாக ஆகக் குச்சியைக் குட்டையாகப் பிடியுங்கள்.

கையால் தொடும் நாள் வந்தால், தலைக்கு மேலிருந்து கை இறங்கக்கூடாது. மூக்கு மட்டத்தில் விரலின் பின்பக்கத்தைக் காட்டுங்கள். கன்னம், தாடை, காதுக்கு அடிப்பகுதி, இந்த மூன்று இடம் போதும். இரண்டு மூன்று நொடி தடவிவிட்டுக் கையை எடுங்கள். அது முன்னால் வந்து மறுபடி முட்டினால் தொடருங்கள். அங்கேயே நின்றாலோ திரும்பிக்கொண்டாலோ அன்றைக்கு முடிந்தது. வால் நுனி அடிப்பதும், முதுகுத் தோல் துடிப்பதும், காது பின்னால் திரும்புவதும் போதும் என்பதற்கான அடையாளங்கள். வயிறும் வாலும் உங்களுக்குரிய இடங்கள் அல்ல, பல நல்ல வளர்ப்புப் பூனைகளுக்கே அங்கே தொட்டால் பிடிக்காது.

துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டால் சீக்கிரம் பழகும் என்கிறார்களே?

8 வாரத்துக்குள் உள்ள குட்டிக்கு உதவும். துண்டில் பொதிந்து, மார்போடு அணைத்து, தீனி ஊட்டி, அது தளர்ந்து இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். ஒரு நாளில் பல முறை, கொஞ்சம் கொஞ்சமாக. வளர்ந்த பூனைக்கு இதைச் செய்யவே செய்யாதீர்கள். பிடரியைப் பிடித்துத் தூக்குவதும் வேண்டாம். பிடிபட்ட அனுபவம் ஒன்று போதும், வாரக்கணக்கில் சேர்த்த நம்பிக்கை போய்விடும்.

கடித்துவிட்டால்?

உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். கை ஓய்ந்தாலும் நேரத்தைக் குறைக்காதீர்கள். பிறகு அன்றே மருத்துவரைப் பாருங்கள். இரண்டு காரணம். ஒன்று, ரேபிஸ்: அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாதது, அதற்கு முன் போடும் ஊசிதான் காப்பு. இன்னொன்று, பூனைப் பல் ஊசிபோல ஆழமாக இறங்கும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரிந்தாலும் உள்ளே கிருமி தங்கி ஒரே நாளில் கை வீங்கிவிடலாம். விரல் மூட்டில் பட்டால் இன்னும் கவனம். பழகாத பூனை இருக்கும் அறைக்குள் சிறு குழந்தைகளைத் தனியே விடாதீர்கள். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் லிட்டர் பாக்ஸை வேறொருவர், தினமும் சுத்தம் செய்யட்டும். கருவைப் பாதிக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி பூனையின் கழிவில் வந்தாலும் தொற்றக்கூடியதாக மாற ஒரு நாளாவது ஆகும், அதனால்தான் தினமும்.

விளையாட்டு உதவுமா?

என் அனுபவத்தில் சாப்பாட்டுக்கு அடுத்த பெரிய உதவி அதுதான். இறகு கட்டிய நீளமான குச்சியை ஆட்டினால், வேட்டை உணர்வு பயத்தை முந்திக்கொள்ளும். உங்களிடமிருந்து ஓடுகிற இரைபோல அதை ஆட்டுங்கள், பூனையை நோக்கி வீசாதீர்கள். விடியலிலும் அந்தியிலும் அதற்குச் சுறுசுறுப்பு அதிகம், அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். முடிவில் ஒரு முறை பிடிக்கவிட்டுச் சாப்பாடு போடுங்கள். நூல், ரிப்பன் உள்ளவற்றை அறையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.

வீட்டில் ஏற்கனவே வேறு பூனை இருக்கிறது. நல்லதா, கெட்டதா?

மனிதரிடம் பாசமான, மற்ற பூனைகளைப் பொறுத்துக்கொள்ளும் பூனை என்றால் பெரிய வரம். நீங்கள் அதைத் தடவுவதையும் அது உங்கள் காலில் உரசுவதையும் புதியது ஓரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கும். மனிதரை நம்பாத பூனைகூட இன்னொரு பூனையை நம்பும். தனிமைக்காலம் முடிந்ததும் முதலில் படுக்கைத் துணிகளை மாற்றிப் போடுங்கள், பிறகு மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு, பிறகு வலைக்கதவு வழியே பார்வை, கடைசியாகச் சந்திப்பு.

இரண்டு குட்டிகள் வந்து, அவை சேர்ந்தே ஒளிந்துகொண்டு உங்களைக் கண்டுகொள்ளவே இல்லையென்றால், கொஞ்ச நாள் தனித்தனி அறையில் பழக்கிவிட்டு மறுபடி சேர்த்துவிடுங்கள்.

இரவெல்லாம் கத்துகிறது, வாசலைப் பிராண்டுகிறது. வெளியே விட்டுவிடலாமா?

முதல் சில வாரம் இது நடக்கும். தூங்கப் போகும் முன் விளையாட்டும் வயிறு நிறையச் சாப்பாடும் கொடுங்கள், ஜன்னலோரம் ஏறி வெளியே பார்க்க மேடை அமைத்துக்கொடுங்கள். புதிய இடத்தில் தெரியாமல் திறந்துவிட்டால் அது திரும்பி வராமலே போகலாம். அறைக்கதவும் வாசற்கதவும் ஒரே நேரத்தில் திறக்காதபடி வீட்டில் எல்லோரும் பழகிக்கொள்ளுங்கள். தொலைந்தால் அடையாளம் காண, தோலுக்கடியில் மைக்ரோசிப் போட்டுவிடுவதும் நல்லது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். வளர்ந்த எல்லாப் பூனையையும் வீட்டுக்குள் கொண்டுவரத்தான் வேண்டும் என்பதில்லை. வெளியே பாதுகாப்பான இடமும், தினமும் சாப்பாடு வைக்க ஆளும் இருந்தால், கருத்தடை செய்து அதே இடத்தில் விடுவது பல பூனைகளுக்கு நல்ல வாழ்க்கை. மாதங்கள் கழித்தும் சரியாகச் சாப்பிடாமல், ரோமம் கொட்டும் அளவு தன்னையே நக்கிக்கொண்டு, வலையில் மோதிக் காயப்படும் பூனையை அடைத்தே வைப்பது அன்பாகாது. மருத்துவரோடும், தெருப்பூனைகளைப் பார்த்துக்கொள்ளும் அனுபவசாலிகளோடும் பேசி முடிவெடுங்கள்.

தொடவே முடியாத பூனையை மருத்துவரிடம் எப்படிக் கொண்டுபோவது?

கேரியரை முதல் நாளிலிருந்தே அறையில் திறந்து வைத்து, சாப்பாட்டை அதற்குள்ளேயே வையுங்கள். போகும் நாளில் அது உள்ளே இருக்கும்போது கதவைச் சாத்தி, மேலே துணியைப் போர்த்தினால் போதும். கபாபென்டின் போன்ற பயம் தணிக்கும் மருந்தைப் புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு உணவில் கலந்து கொடுக்க மருத்துவர் எழுதித் தரலாம். அளவு அவர் சொல்வதுதான், நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள். ஃபெலிவே போன்ற பெரோமோன் கருவிகளும் (பூனையை அமைதிப்படுத்தும் வாசனைச் சேர்மத்தை அறையில் பரப்புபவை) இருக்கின்றன, சில பூனைகளுக்குக் கொஞ்சம் உதவும். அறையில் உட்கார நேரமில்லாதவர்கள் அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

நன்றாக நெருங்கி வந்தது. திடீரென்று மறுபடி ஒளிகிறது.

இரண்டை யோசியுங்கள். ஏதாவது மாறியதா: மருத்துவர் பயணம், விருந்தாளி, பட்டாசு, இடம் மாற்றிய மேசை? அப்படியென்றால் சில படிகள் பின்னால் போய்த் தட்டை மறுபடி தூரத்தில் வையுங்கள். இந்த முறை வேகமாகவே திரும்பி வரும். எதுவும் மாறவில்லை என்றால் உடம்பு சரியில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். பூனை நோயை மறைக்கும், ஒளிந்துகொள்வதே பல சமயம் முதல் அறிகுறி. குர்குர் சத்தம் வருகிறதே என்று சமாதானமாகிவிடாதீர்கள், வலியிலும் அந்தச் சத்தம் வரும்.

ஒரு வருடம் ஆகிவிட்டது. இன்னும் தொட விடவில்லை. நான் தோற்றுவிட்டேனா?

அது பகலில் நடமாடுகிறதா? நீங்கள் அறையில் இருக்கும்போது பக்கவாட்டில் சாய்ந்து படுத்துத் தூங்குகிறதா? தன்னை நக்கிச் சுத்தம் செய்துகொள்கிறதா? உங்கள் சத்தம் கேட்டால் சாப்பாட்டு நேரம் என்று எட்டிப் பார்க்கிறதா? மனிதரைப் பார்த்தாலே ஓடிய உயிர் உங்கள் முன்னால் கண்மூடித் தூங்குகிறதென்றால், உங்களால் ஆனதை நீங்கள் செய்துவிட்டீர்கள். மடியேறும் பூனையைப் போலவே இதுவும் உங்கள் வீட்டுப் பூனைதான். சில பூனைகள் மூன்றாவது, நான்காவது வருடத்தில் ஒரு நாள் தானாக வந்து பக்கத்தில் படுப்பதும் உண்டு. வராமலே போவதும் உண்டு.

என்னிடம் பழகிவிட்டது. இனி வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுக்கலாமா?

குட்டி என்றால் தாராளமாக. ஆனால் அதற்கு முன் வெவ்வேறு வயதினர், வெவ்வேறு குரல் உள்ளவர்கள் சிலர் வந்து தீனி கொடுத்துப் பழகட்டும். இல்லையென்றால் அது உங்களை மட்டும் நம்பும், மற்ற மனிதர்கள் அந்நியராகவே இருப்பார்கள். வளர்ந்த பூனைக்கு, உங்களிடம் இருப்பதுதான் பெரும்பாலும் நல்லது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அவசரமில்லாத, சத்தம் குறைந்த வீடாகப் பாருங்கள். அதன் படுக்கையையும், பயன்படுத்திய லிட்டர் மணலில் கொஞ்சத்தையும், அது சாப்பிடும் தட்டையும் கூடவே அனுப்புங்கள். அங்கேயும் முதலில் ஒரே அறை, தட்டு தூரத்தில், கதவைத் தட்டிவிட்டு உள்ளே போவது என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள்.